ஏரிக் கணக்கு

கேள்வி: ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டால் ஓர் எண் போதாதா? எதற்கு அட்டவணை?
— ஒரு வாசகர், மயிலாப்பூர்

பதில்: 500 மில்லியன் கன அடி என்றால் ஏரி நிறைந்ததா, வறண்டதா? கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகைக்கு அது முழுக் கொள்ளளவு. 3,645 கொள்ளும் செம்பரம்பாக்கத்திலோ ஏழில் ஒரு பங்குகூட இல்லை. குடிநீர் வாரியத்தின் அன்றாட ஏரி அட்டவணை, இன்றைய இருப்புடன் முழுக் கொள்ளளவையும் சென்ற ஆண்டு இதே நாளின் இருப்பையும் ஒரே வரிசையில் நிறுத்துவதால், விளக்கவுரை இல்லாமலே நிலைமை கண்ணில் படுகிறது.

ஏறத்தாழ 2.83 கோடி லிட்டரைக் குறிக்கும் மில்லியன் கன அடி என்னும் அலகைக் கட்டந்தோறும் எழுதாமல் தலைப்பில் ஒருமுறை எழுதி, எண்களை ஒன்றாம் இலக்கத்தின் நேராக வலப்புறம் ஒழுங்குபடுத்தினால், செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் வந்து சேரும் அடையாற்றங்கரைவாசிகள் ஐப்பசி மழையில் அட்டவணையை ஒரே பார்வையில் படித்துவிடலாம்.