பசிபிக் கரையும் தோட்டத்துத் திடலும்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரிகள் பணத்துக்காக விளையாட்டுச் சங்கம் விட்டுச் சங்கம் தாவுகின்றனவாமே, ஐயா! நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?
— ஒரு வாசகர், ரந்தாவ், நெகிரி செம்பிலான்

பதில்: நிரம்ப உண்டு. 1915-இல் வேரூன்றிய பசிபிக் கரைச் சங்கத்தின் பன்னிரண்டு கல்லூரிகளில் பத்து, தொலைக்காட்சி ஒப்பந்தங்களின் திரவியம் பிறவிடங்களில் அதிகமென்று கண்டு 2024-க்குள் வெளியேறிவிட, அவற்றுள் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும், பூகோள ஆசிரியர்கள் மன்னிக்கட்டும், கலிபோர்னியாவில் இருந்தபடியே அட்லாண்டிக் கரைச் சங்கத்தில் அங்கத்தினராகிவிட்டன. அமெரிக்கக் கால்பந்தாட்டத்தை முன்னிட்டுப் பேசிய பேரத்துக்காக, அதில் ஒரு பங்கும் கேளாத நீச்சல்காரப் பெண்ணும் பாடத்தை விட்டுக் கண்டத்தின் குறுக்கே பறக்க நேர்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நம் தேசத்திலோ, மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் குழுவாகப் பிறந்து, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயருடன் சூப்பர் லீக்கில் ஆடிய அணி, 2022 பருவத்தோடு லீக்கை விட்டே விலகியது. பால்மரத் தோட்டத்திலிருந்து திறமை ஒன்றையே மூலதனமாகக் கொண்டு வந்த பையன் ஏறக்கூடிய ஏணி அன்று ஒன்று குறைந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளானபோது, மாலைதோறும் பந்தாட்டம் நடந்த திடல்கள் பலவும் மறைந்துபோயின. பெரிய அணிகளுக்குப் பொருள் வழங்கும் கனவான்கள் அதில் ஒரு பாகத்தைத் தோட்டத் தமிழ்ப்பள்ளித் திடல்களுக்கென்று ஒதுக்கவேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். தங்கள் தோட்டத்தில் திடல் மிஞ்சியிருக்குமானால், அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறதென்று நில அலுவலகத்தில் இந்த வாரமே விசாரியுங்கள்.