வீட்டுக்கு ஒரு ஆட் பிளாக்கர்

எங்கள் வீட்டில் எனக்கென்று இருக்கும் ஒரே இலாகா, செல்போன் விளம்பர ஒழிப்பு. வரவு செலவு, சமையல், கொசுவத்தி எந்த மூலையில் வைப்பது போன்ற விவகாரங்களில் என் அபிப்பிராயத்தைக் கேட்பது அபூர்வம். கேட்டாலும் அதற்கு நேர்மாறாகச் செய்வதற்காகத்தான். ஆனால் யார் போனிலாவது விளம்பரம் குறுக்கே வந்துவிட்டால், நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தாலும் சரி, போன் என் மூக்குக்கு நேராக நீட்டப்படும்.

“என்னங்க, நீங்க போட்டது வேலை செய்யல.”

ஒழுங்காக ஓடுகிறவரை அது போனின் சாமர்த்தியம். நின்றுபோனால் மட்டும் ‘நீங்க போட்டது’.

இந்தத் துறையின் ஆதிகர்த்தாக்களில் ஒருவர் ஹென்ரிக் ஆஸ்டெட் சோரன்சன் என்ற டென்மார்க்காரர். 2002இல் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில், படிக்காமல் உட்கார்ந்து ‘ஆட்பிளாக்’ எழுதியவர். இந்த வரலாற்றை மகளிடம் சொல்லியிருக்கவே வேண்டாம் என்பது மனைவியின் கட்சி. பரீட்சை நேரத்தில் போனும் கையுமாக இருக்கும் பிள்ளைக்கு இப்போது ஒரு முன்னோடி கிடைத்துவிட்டார்.

சோரன்சனுக்கு இருந்தது ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரவுசர். எனக்கு வாய்த்தது நாலு போன், நாலு விதமான மனிதர்கள்.

மனைவியின் புகார் பெரும்பாலும் அடுப்படியிலிருந்து வரும். சமையல் குறிப்பைத் திறந்து வைத்து, வெங்காயம் சிவந்து, புளி எவ்வளவு என்று பார்க்கப்போகிற அந்த விநாடியில் திரை முழுக்க ஒரு ஃபிளாட் விற்பனை. மூட வேண்டிய பெருக்கல் குறி வலது மூலையில், வெள்ளைமேல் வெளிர்சாம்பலில், கடுகளவில் இருக்கிறது. மஞ்சள்தூள் ஒட்டிய விரலால் அதைத் தொட்டால் ஃபிளாட் திறக்கிறது. பில்டரிடமிருந்து போனே வந்துவிடுமோ என்று பயந்து நான் ஓடுவேன்.

வெங்காயம் தீயும் வாசனையினூடே நான் விளக்குவேன்: ஆட் பிளாக்கருக்குச் சொந்த புத்தி கிடையாது. அதனிடம் இருப்பது ஒரு பட்டியல். எந்த முகவரியிலிருந்து வந்தால் விடாதே, பக்கத்தில் எந்தப் பெயருள்ள பெட்டி இருந்தால் மறைத்துவிடு என்று பல்லாயிரம் வரிகள். 2005இல் தொடங்கிய ஈஸிலிஸ்ட் அப்படிப்பட்ட ஒன்று. இன்றுவரை ஆர்வலர்கள் அதைத் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். இணையதளக்காரர் பெட்டியின் பெயரை மாற்றுவார். இவர்கள் பட்டியலை மாற்றுவார்கள். போனிலோ நாம் பிரவுசரைத் திறந்த வேகத்தில் மூடிவிடுவதால், பட்டியல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள நேரம் கிடைக்காமலே போவதுண்டு. ஃபில்டர் லிஸ்ட் பகுதிக்குப் போய் ‘அப்டேட்’ அழுத்தினால் பாதி வியாதி தீரும்.

“புளி எவ்வளவுன்னு மட்டும் சொல்லுங்க” என்றாள் மனைவி.

மகள் விஷயம் வேறு. அவள் புகார் சொல்வதில்லை. நான் அவள் போனை வாங்கி, செட்டிங்ஸ் எல்லாம் மேய்ந்து, வியர்த்துப்போன பிறகு, “அப்பா, இது பிரைவேட் டேப்” என்பாள். பிரைவேட் டேபில் ஆட் பிளாக்கர் போன்ற எக்ஸ்டென்ஷன் வேலை செய்ய, தனியாக அனுமதி தர வேண்டும். அனுமதி தந்தேன். பிரைவேட் டேபில் அப்படி என்ன பார்க்கிறாய் என்று கேட்க எனக்கு அனுமதி கிடையாது.

மச்சான் சேலத்திலிருந்து கூப்பிடுவார். “மாப்ளே, என் குரோம்ல நீங்க சொன்னது நிக்கவே மாட்டேங்குது.” ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷனே போட முடியாது, நிற்பதற்கு முதலில் அது அங்கே இருக்க வேண்டும். ஃபயர்பாக்ஸுக்கு மாறுங்கள், அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற ஆட் பிளாக்கரைப் போடலாம் என்றேன். “அப்ப உங்களுக்குத் தெரியலன்னு சொல்லுங்க” என்று வைத்துவிட்டார்.

போன் முழுக்க ஒரே அடியாக அடைத்துவிடலாம் என்று பிரைவேட் டிஎன்எஸ்ஸும் போட்டுப் பார்த்தாயிற்று. ஆண்ட்ராய்டு 9 முதல் இருக்கிற வசதி. அதில் விளம்பரம் தடுக்கும் டிஎன்எஸ் சர்வரைக் கொடுத்துவிட்டால், விளம்பர சர்வரின் விலாசத்தைப் போன் கேட்கும்போது, அப்படி யாரும் இல்லை என்று சொல்லிவிடும். ஆனால் வீடியோவும் விளம்பரமும் ஒரே இடத்திலிருந்து வரும் செயலிகளிடம் அதன் ஜம்பம் பலிக்காது. போதாததற்கு, சில இலவச வைஃபைகளில் லாகின் பக்கமே வராது. ரயில் நிலையத்தில் குடும்பமே என்னைச் சுற்றி நின்று பார்த்தபோது, விளம்பரம் சுத்தமாக இல்லை. வேறெதுவும் இல்லை.

என் பக்கம் நியாயம் பேசும் ஒரே சரித்திரச் சம்பவம் 2019 மே மாதத்தில் நடந்தது. ஃபயர்பாக்ஸில் ஒரு சான்றிதழ் காலாவதியாகி, உலகம் முழுக்க எக்ஸ்டென்ஷன்கள் ஒரே நாளில் படுத்துவிட்டன. கடிகாரத்தைப் பின்தேதிக்குத் திருப்பிச் சமாளித்தவர்கள்கூட உண்டு. இதை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வேன். யாரும் மறுப்பதில்லை, கேட்பதுமில்லை.

கடைசி வழக்கு அம்மாவுடையது. பஞ்சாங்கப் பக்கத்தில் ராகுகாலம் பார்க்கப்போனால், முழங்கால் தைலம் சத்தம் போட்டுக்கொண்டு வருகிறது. அம்மா போனில் பிரவுசர் சரி, பட்டியல் புதுசு, எல்லாம் ஒழுங்கு. பிறகுதான் பிடிபட்டது: அம்மா பஞ்சாங்கத்தை ஒரு சமூக ஊடகச் செயலிக்குள்ளேயே திறக்கிறார். அந்தச் செயலி தனக்கென்று ஒரு குட்டிப் பிரவுசரை உள்ளே வைத்திருக்கிறது. வாசல் கேட்டில் நான் போட்ட பூட்டு அப்படியே இருக்க, கொல்லைப்புறம் ஹோவென்று திறந்து கிடந்திருக்கிறது. இணைப்புகள் எல்லாம் வெளிப் பிரவுசரில் திறக்கும்படி அந்தச் செயலியின் செட்டிங்ஸில் மாற்றினேன். ராகுகாலம் மட்டும் பளிச்சென்று வந்தது.

இரண்டு நாள் கழித்து அம்மா போனோடு வந்தார்.

“டேய், அந்தத் தைலம் வந்துட்டிருந்துச்சே, எங்கடா? இருநூறு ரூபா தள்ளுபடி போட்டிருந்தான். வாங்கலாம்னு இருந்தேன்.”

அந்தப் பக்கத்துக்கு மட்டும் பிளாக்கரை நிறுத்தி, மறுபடி திறந்தேன். கார் கடன் வந்தது. இன்னொரு முறை திறந்தேன். அமெரிக்காவில் எம்.எஸ். படிக்கலாம் என்றது. தைலத்தைக் காணோம்.

அம்மா போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“வராதேன்னா வருது, வான்னா வரமாட்டேங்குது. நீ இதுல பெரிய ஆளுன்னு உன் பொண்டாட்டி வேற சொல்லிட்டிருக்கா.”

மனைவி அப்படியொரு வார்த்தை சொல்லியிருக்கிறாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.