தங்கள் நல்வரவை விரும்பும்

போன வாரம் நம்மவர் கைக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. மணமக்கள் பெயர், முகூர்த்த நேரம் எல்லாவற்றையும் தாண்டி, வழக்கம்போல நேராக அடியில் போய் நின்றார். பெரிய அத்தான் இருந்தார். சின்ன அத்தான் இருந்தார். பத்து வருஷமாக யாரோடும் பேசாத சித்தப்பாவும் இருந்தார். நம்மவர் மட்டும் 'மற்றும் உற்றார் உறவினர்க'ளில் ஐக்கியமாகியிருந்தார்.

அடித்தது சிவகாசியில் ஓர் அச்சகம். அந்த அச்சகத்தின் பொன்விழா மலருக்கு, 'மூன்று தலைமுறை வளர்ச்சி' என்று எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தவரும் இவரே!

"பேரு லிஸ்ட் கொடுத்தது பொண்ணு வீட்டுக்காரங்க. அச்சாபீஸ்காரர் என்ன பண்ணுவார்?" என்றார் வீட்டம்மா. கேட்கக்கூடாத கேள்வி.

மலர்க் கட்டுரையின் முதல் பாரா ஒழுங்காகத்தான் போனது. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கும் பின்னால் வந்த பட்டாசுக்கும் லேபிள் வேண்டியிருந்தது. ஊருக்குள் அச்சுத் தொழில் வேர்விட்டது.

இரண்டாவது பாராவில், அச்சகம் தொடங்கிய தாத்தாவின் டிரெடில் மிஷின் வந்ததும் பேனா தடம் மாறியது. அந்தக் காலத்தில் பெயர் விட்டுப்போனால் அதற்கொரு நியாயம் இருந்தது. ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோர்க்க வேண்டும். முருகன், கண்ணன், மாரியப்பன், அவர் தம்பி வேலப்பன் என்று அடுக்கினால் 'ன்' அறை காலியாகிவிடும்; ஒரு குடும்பத்தில் இத்தனை 'ன்' எதற்கு என்று கம்பாசிட்டர் முனகுவார். அண்ணாமலை வந்தால் துதிக்கை தூக்கிய பழைய 'லை'க்குத் தனி அச்சு தேட வேண்டும். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து துதிக்கையை எடுத்துவிட்டது. அண்ணாமலைகள் பிழைத்துக்கொண்டார்கள்.

அப்பா ஆஃப்செட் வாங்கியது ஒரு வரி. பேரன் கம்ப்யூட்டர் போட்டது அரை வரி.

இன்று 'ன்' எத்தனை வேண்டுமானாலும் தட்டலாம். பேரனிடம் கேட்டால், "இடம் பத்தல அண்ணாச்சி" என்கிறார். சித்தப்பாவின் பி.காம்., எஃப்.சி.ஏ.வுக்கு இடம் பத்தியிருக்கிறது. ஓரத்தில் ஒரு மயில் தோகை விரித்து, ஏழெட்டுப் பெயர் உட்காரக்கூடிய இடத்தில் நிற்கிறது. அது எந்த வழி உறவு?

ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருஷ காலண்டர் ஆல்பம் வெளியிட வேண்டுமாம். அதற்குள் கட்டுரை வேண்டும் என்று பேரன் தினமும் போன் போடுகிறார். நம்மவர் பத்திரிகையைத் திருப்பி, ஒருவேளை பின்பக்கம் இருக்குமோ என்று தேடுகிறார். அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் மட்டும், ஒரு பிழையில்லாமல்.