அரற்றியல்: மகிழுந்தின் நிறுத்தி முறையிடுமாறு

மாணாக்க, கேள். ஓடும் மகிழுந்தை நிற்கச் செய்வது நிறுத்தி, உலகவழக்கில் பிரேக்கு. அது தன் நலிவை உடையவனுக்கு உரைக்கும் முறையே அரற்றியல். அவ்வுரை ஐந்து வாயிலாய் வரும்: செவிமுறையீடு, கான்முறையீடு, கைமுறையீடு, மூக்குமுறையீடு, கண்முறையீடு. நாமுறையீடும் உண்டோ எனின், இல்லை. நிறுத்தியை நக்கிப் பார்த்தாரை நூலோர் எவரும் குறித்திலர்.

முதற்கண் உறுப்புகளின் பெயர் கொள்க. ஆழியோடு உடன்சுழலும் வார்ப்பிரும்புத் தட்டு சுழல்வட்டு, பட்டறையில் டிசுக்கு. அதனை இருபுறமும் நெருக்கித் தேய்வது நெருக்கி, பேடு என்பர். நெருக்கியை உந்துவது கவ்வி, அதாவது காலிபர். பின்னாழிகளில் பல வண்டிகளுக்கு வட்டிற்கு மாற்றாகக் குடம் இருக்கும், அது டிரம்மு. காலின் அழுத்தத்தைக் குழாய்வழியே ஆழிதோறும் சுமந்து செல்வது அழுத்துநீர்மம். அதனைப் பிரேக்கு ஆயில் என்று விற்பர். எண்ணெய் வகையைச் சார்ந்தது என்று மயங்கிப் பொறியெண்ணெயை ஊற்றினால் உள்ளிருக்கும் தொய்வ வளையங்கள் ஊதிக் கெடும்.

இவ்வியலின் தோற்றமும் அறிக. 1902-இல் இங்கிலாந்து நாட்டுப் பிரெடரிக்கு இலாஞ்செசுட்டர் என்பார் வட்டுநிறுத்திக்குக் காப்புரிமை பெற்றார். அவர் வட்டை நெருக்கியது செம்பால். மாழையொடு மாழை உராய்ந்து தெரு அதிர அலறிற்று. பின்வந்த எர்பர்ட்டு புரூடு கல்நாரைப் பொதிந்து அவ்வலறலை அடக்கினார். கல்நார்த் தூள் நுரையீரலைக் கெடுப்பது தெரிந்தபின் அது பல நாடுகளில் விலக்கப்பட்டது. ஆகவே அரற்றல் முந்தியது, அமைதி பிந்தியது. அமைதியே நிறுத்தியின் இயல்பு, அரற்றல் அதன் திரிபு என்னும் ஒருசாரார் கொள்கை வரலாற்றொடு முரணும், கொள்ளற்க.

இனிச் செவிமுறையீடு. அது கீச்சு, அரைப்பு, தட்டு என மூவகைத்து. அவற்றுள் கீச்சு இருவகைத்து: மழைக்கீச்சும் காவற்கீச்சும்.

மழைக்கீச்சாவது, இரவெல்லாம் நனைந்த வண்டியைக் காலையில் எடுக்குங்கால் தெருமுனைவரை கேட்பது. வார்ப்பிரும்பின்மேல் ஓரிரவில் மெல்லிய துரு படரும். நெருக்கி அதைச் சுரண்டி எடுக்கும். நாலைந்து முறை மிதித்தால் ஒழியும். இது பழுதன்று. இதனைக் கேட்டுப் பட்டறைக்கு விரைந்தவன் அங்குச் சேருமுன் ஒலி நின்றுவிடும். அப்போது பட்டறையான் அவனை நோக்கும் நோக்கு தனியே வகுக்கத் தக்கது, விரிவஞ்சி விடுத்தாம்.

காவற்கீச்சு அதனின் வேறு. நெருக்கியின் முதுகில் ஒரு சிறு எஃகு நாக்கு இருக்கும். தேய்பொருள் 2 அல்லது 3 மில்லிமீட்டர் அளவிற்குக் குறைந்ததும் அந்நாக்கு வட்டைத் தொட்டுக் கீச்சிடும். சிலவற்றில் வண்டி ஓடும்போது ஒலித்து, மிதித்தால் அடங்கும். அடங்கியது கண்டு மகிழற்க. நாக்கு இல்லாத நெருக்கிகளும் கடையில் உண்டு. அவை வாய்திறவாமலே தேய்ந்து முடியும். எனவே ஒலி கேளாமையால் நலம் என்று துணிதல் குற்றம்.

காவற்கீச்சைக் கேட்டு வாளாவிருப்பார் நால்வர். வானொலியை உயர்த்துவான் இசைமறைப்பன். காலதர்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்வான் அடைப்பன்; இவன் குளிர்காற்றுப் பொறியின் மேல் பழிபோடுவான். ‘அடுத்த சர்வீசுல பாத்துக்கலாம்’ என்பான் கடத்தன். மைத்துனரின் வண்டி இதனினும் மிகக் கத்தும் என்று ஆறுதல் கொள்வான் ஒப்பன். நால்வருள் ஒப்பனே திருத்தற்கு அரியன். என்னை எனின், அவனுடைய மைத்துனரும் ஒப்பனே.

நால்வரும் சென்று சேருமிடம் அரைப்பு. தேய்பொருள் முற்றும் ஒழிந்து, நெருக்கியின் எஃகு முதுகே வட்டை உராயும் ஒலி இது. அம்மியில் வெறுங்கல்லை அரைத்தாற்போல் இருக்கும். அடிமிதி வழியே காலுக்கும் ஏறும். காவற்கீச்சில் நெருக்கியை மட்டும் மாற்றியிருக்கலாம். அரைப்பில் வட்டும் வரிவரியாய்க் கீறுண்டு அதனையும் மாற்ற நேரும். ஒவ்வொரு வட்டிலும் அதன் சிற்றளவுத் தடிப்பு பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வளவிற்குக் கீழ்ப்போன வட்டைக் கடைசல் பிடித்து மீண்டும் பூட்டுவார் பட்டறையில் உளர். அவரைக் காசு மிச்சம் பிடித்துத் தந்தார் என்று போற்றற்க. மெலிந்த வட்டு வெப்பத்தைத் தாங்காது.

தட்டு என்பது குழியில் இறங்குங்கால் எழும் ‘டொக்கு’. நெருக்கியைப் பற்றும் பிடிக்கம்பி தளர்ந்ததாலோ விடுபட்டதாலோ வரும். இதன் புறனடையாகக் கல்லொலி ஒன்று உண்டு: சிறு கூழாங்கல் வட்டிற்கும் அதன் காப்புத்தகட்டிற்கும் இடையே புகுந்து ஊரைக் கூட்டும். வண்டியைச் சற்றே பின்னோக்கிச் செலுத்தப் பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

இரண்டாவது கான்முறையீடு. அது மென்மிதி, இறங்குமிதி, வன்மிதி, துடிமிதி என நான்கு. ஐந்தாவதாகத் தாழ்மிதியை வைப்பாரும் உளர். அது பெரும்பாலும் குடத்தினுள் விரியும் பிறைக்கட்டைகள் தேய்ந்து இடைவெளி பெருகியதால் வருவது. கட்டையைச் சீர்செய்யத் தீரும் ஆதலின் அதற்கு இங்குத் தனியிடம் தந்திலம்.

மென்மிதியாவது, காலின்கீழ்ப் பஞ்சு போல் அமுங்கி, இருமுறை மும்முறை மிதித்தபின் உயர்ந்து பிடிப்பது. குழாயினுள் காற்றுப் புகுந்தமை இதனால் பெறப்படும். நீர்மம் சுருங்காது, காற்றுச் சுருங்கும். காலின் உழைப்பெல்லாம் அச்சுருக்கத்திலேயே கழியும். ‘ஏர் எடுக்கணும்’ என்பது இதற்குரிய மருத்துவம்.

இறங்குமிதி குறிவிளக்கின்முன் வெளிப்படும். சிவப்பில் நின்று மிதியை ஒரே அளவில் அழுத்தியிருக்க, அது மெல்ல மெல்லத் தரைநோக்கிச் செல்லும். தாய்க்குழலாகிய மாசுட்டர் சிலிண்டரின் உள்வளையம் கசிவதால் இது வரலாம். வெளியே ஒரு துளியும் சொட்டாது. ஆதலின் குனிந்து தரையைப் பார்த்துத் தேறாதே. இதனை வீட்டிற்குச் செல்லும் வழியில் கண்டாலும் வீட்டிற்குச் செல்லற்க; பட்டறையானை வரச்செய்க.

வன்மிதி அதன் எதிர்மறை. மிதி கல்லாய் நின்று, இருகாலாலும் உந்த வேண்டிவரும். காலுக்குத் துணைவலு தரும் வெற்றிடப் பேழை, அதாவது பூசுட்டர், நலிந்தமை இதன் பொருள். ஆய்வு எளிது. பொறி ஓடாதபோது மிதியை ஐந்தாறு முறை அழுத்தி விடுக. பின் அழுத்தியவாறே பொறியைக் கிளப்புக. மிதி சிறிது தாழ்ந்தால் பேழை நலம். தாழாவிடில் நலமன்று.

துடிமிதி, மிதிக்குந்தோறும் அடியில் துடிதுடிப்பது. வட்டு வளைந்துவிட்டது என்பர் பட்டறையார். பெரும்பாலும் வட்டு வளைவதில்லை. அதன் தடிப்பு ஓரிடம் மிகுந்தும் ஓரிடம் குறைந்தும், அல்லது தேய்பொருள் திட்டுத்திட்டாய் ஒட்டியும் இருக்கும். வழுக்குசாலையில் கடுகி மிதித்தபோது மட்டும் மிதி படபடத்தால் அது ஆழி பூட்டுண்ணாமற் காக்கும் அமைப்பின் இயல்பான வேலை, துடிமிதியுள் அடக்கற்க.

கைமுறையீடு சுருங்கக் கூறுவாம். மிதிக்கும்போது வண்டி ஒருபுறமாய் ஈர்த்தால் இழுப்பு: ஒரு கவ்வி இறுகியோ அதன் வழுக்கூசி துருப்பிடித்தோ இருபுறமும் ஒப்பப் பிடியாமை. திசைவளையம் நடுங்கினால் நடுக்கு: முன்வட்டின் குறை. பின்வட்டின் குறை கைக்கு எட்டாது, இருக்கைவழியே உணரப்படும். அவ்விருக்கையின்மேல் அமர்வதை ஆறாவது வாயிலாகக் கொள்ளலாமோ என்பது நூலோரிடையே இன்னும் முடியாத வழக்கு. யாம் கைக்குள் அடக்கினோம்.

மூக்குமுறையீடு மலையில் விளங்கும். நிறுத்தி ஓட்டத்தை வெப்பமாக்கியே வண்டியை நிறுத்துகிறது. விரைவு இருமடங்கானால் அவ்வெப்பம் நான்மடங்கு. கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டையூசி வளைவுகள். வால்பாறைக்கு ஏறும் வழியில் 40. அவற்றை மிதிகாலாலேயே இறங்குவான் வழியில் கருகல் நாற்றம் நுகர்வான். அந்நிலையில் தேய்பொருள் பிடிப்பிழக்கும். அழுத்துநீர்மமும் கொதிக்கலாம். புட்டியின்மேல் ‘டாட் 4’ என்று பொறித்த நீர்மம் புதிதாயின் 230 பாகை செல்சியசு வரை கொதியாது. ஆயின் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. 3.7 விழுக்காடு நீர் ஏறியபின் 155 பாகையிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி, ஆவியால் மென்மிதி, மென்மிதிக்கு முன்னே பள்ளத்தாக்கு. ஆதலின் ஏறிய பல்லிணையிலேயே இறங்குக. நீர்மத்தை ஈராண்டுக்கு ஒருமுறை மாற்றுக. நாற்றம் வந்தால் ஓரமாய் நிறுத்தி ஆறவிடுக. கொதிக்கும் வட்டின்மேல் குடிநீரைக் கொட்டுவாரை அருள்கூர்ந்து தடுக்க, வட்டு வெடிப்புறும். சமநிலத்திலும் இந்நாற்றம் வருமாயின் கைநிறுத்தியைத் தளர்த்தினோமா என்று முதலில் பார்க்க.

கண்முறையீடு மூன்று. செவ்விளக்கு: கைநிறுத்தி ஏறியிருந்தாலும் எரியும், நீர்மம் தாழ்ந்தாலும் எரியும், முன்னதை விலக்கியும் எரிந்தால் பின்னது. நீர்மட்டம்: கசிவின்றியும் தாழும், நெருக்கி தேயத் தேயக் கவ்வியினுள் நீர்மம் கூடுதலாய்த் தங்குவதால். அதனை அறியாது கலத்தை நிறைத்துவைத்தால், புது நெருக்கி பூட்டும் அன்று அது பொங்கி வழிந்து வண்ணப்பூச்சை உரிக்கும். தடிப்பு: ஆழியின் ஆரக்கால் இடையே கைப்பேசி விளக்கை நீட்டி நெருக்கியைக் காண்க. புதியது 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்கும். 3-க்குக் கீழாயின் மாற்றுக. மாற்றுங்கால் ஓரச்சின் இருபுறமும் ஒருங்கே மாற்றுக. வெளிநெருக்கியைக் கண்டு உள்நெருக்கியை அளவிடற்க. வழுக்கூசி இறுகிய வண்டியில் உள்ளிருப்பதே முன் தேயும்.

எஞ்சியது நிழல்மிதி. ஓட்டுநரின் இடப்புறம் அமர்ந்தார் மிதியில்லா வெறுந்தரையை மிதிப்பது இது. ஓட்டத் தெரிந்தார் நிழல்மிதி, தெரியாதார் நிழல்மிதி என இருவகைத்து. முன்னது பேருந்து குறுக்கிடும்போது மட்டும் நிகழும். பின்னது வண்டி நிற்கும்போதும் நிகழும். மாமனார் நிழல்மிதி இரண்டிற்கும் பொதுவாய், இருமலோடு கூடி வரும். நிழல்மிதிக்கு நெருக்கியும் வட்டும் நீர்மமும் இன்மையின் தேய்வும் இல்லை. பழுது நோக்கவும் வேண்டா. தேய்வது தரைவிரிப்பு. அதன் தேய்வு ஒன்பது வகைத்து, விரிப்பியலுள் காண்க.