சேப்பாக்கத்துக் கூரையும் கொல்லிமலைக் கருத்தும்: ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

ஓர் அரங்கத்தை எப்படிக் கட்டுவது என்பதைச் சொல்லப் பொறியியல் இருக்கிறது. கட்டி முடித்தபின் அதை எப்படிக் கட்டியிருக்க வேண்டும் என்று சொல்ல இதுவரை ஒரு துறை இல்லை. இந்தப் பாடம் நம் டீக்கடைகளில் நெடுங்காலமாக நடந்துவந்தாலும் பல்கலைக்கழக மானியக் குழு அதைக் கண்டுகொள்ளவில்லை. அக்குறையைப் போக்கும் எளிய முயற்சியாக இவ்வாய்வு அமைகிறது.

சென்னை சேப்பாக்கத்து எம்.ஏ. சிதம்பரம் கிரிக்கெட் அரங்கம் இந்த நூற்றாண்டில் இருமுறை உருமாறியது. 2011 உலகக் கோப்பையை முன்னிட்டு ஐ, ஜே, கே என மூன்று புதிய ஸ்டாண்டுகள் எழுந்தன. லண்டனின் ஹாப்கின்ஸ் நிறுவனமும் சென்னையின் நட்ராஜ் அண்ட் வெங்கட் நிறுவனமும் வரைந்தவை அவை. கான்கிரீட் கூரைக்குப் பதில், வடங்களில் இழுத்துக் கட்டிய வெண்ணிறப் படலக் கூரை வந்தது. பிறகு பழைய அண்ணா பெவிலியன் இடிக்கப்பட்டு, அந்தப் பக்கத்தில் கலைஞர் பெயரிலான ஸ்டாண்ட் 2023 மார்ச் 17 அன்று திறக்கப்பட்டது. இவை பற்றி ரசிகர்கள் என்ன நினைக்கிறார்கள், ஏன் நினைக்கிறார்கள், நினைக்க அவர்களுக்கு நேரம் எங்கிருந்து வருகிறது என்பனவே ஆய்வு வினாக்கள். மூன்றாவது வினாவுக்கு விடை கிடைக்கவில்லை.

2. ஆய்வுக் களம்

சேப்பாக்கத்தைப் பற்றிய ஆய்வுக்குச் சேப்பாக்கம் உகந்த களமன்று. அங்கே போய்ப் பார்த்தவரின் கருத்து அவருடைய கருத்து ஆகாது. அவர் உட்கார்ந்த நாற்காலியின் கருத்து. நிழலில் இடம் கிடைத்தவருக்கு அரங்கம் அருமை, வெயிலில் கிடைத்தவருக்கு அரங்கம் அநியாயம். நடுநிலை வேண்டுமானால் உள்ளே கால் வைக்காதவர்களிடம்தான் போக வேண்டும்.

ஆகவே நாமக்கல் மாவட்டக் கொல்லிமலையில் செம்மேடு தேர்ந்தெடுக்கப்பட்டது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால்தான் மேலே வர முடியும். சேப்பாக்கத்திலிருந்து கிளம்பும் எந்த முன்முடிவும் பாதி வளைவுக்குள் தலைசுற்றி இறங்கிவிடும். ஐபிஎல் மாலைகளில் டீக்கடைத் தொலைக்காட்சி முன் கூடுபவர்களே தரவு மூலம். தொலைக்காட்சி ஓர் அலமாரியின் மேல் தட்டில், கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் சாமி படங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இடப்பக்க பெஞ்சில் உட்காருபவருக்கு, பாய்லரிலிருந்து எழும் ஆவியில் அடிக்கடி மிட்விக்கெட் மறையும். இதைப் பற்றி அவர் ஒருநாளும் முறையிட்டதில்லை. சேப்பாக்கத்தில் எந்த இருக்கையிலிருந்து எது மறைகிறது என்று மட்டும் விரிவாகச் சொல்வார்.

3. முன்னாய்வுகள்

இம்மலைக்கு அரங்கக் கலையில் மரபு உண்டு. இம்மலைநாட்டை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியதைப் புறநானூறு 152-ஆம் பாட்டில் வன்பரணர் பதிவு செய்திருக்கிறார். தமிழில் கிடைக்கும் தொடக்ககால விளையாட்டு வருணனைகளுள் ஒன்றாக இதை வைக்கலாம். பாணர் கூட்டத்துடன் காட்டில் நின்று பார்த்தவர், தமக்கு இருக்கை வசதி இருந்ததா, நிழல் விழுந்ததா, முன்னால் நின்ற மரம் மறைத்ததா என்று ஒரு வரியும் எழுதவில்லை. ஆட்டம் அவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது. ஆடி மாத ஓரி விழாவில் இன்றும் செம்மேட்டில் வில்வித்தைப் போட்டி நடக்கிறது. அங்கும் சுற்றி நிற்பவர்கள் கூரையைப் பற்றிப் பேசுவதில்லை. கூரை இல்லை என்பது ஒரு காரணம்.

இரண்டாவது சான்று கொல்லிப்பாவை. காற்றும் மழையும் இடியும் தாக்கினாலும் எழில் குன்றாத அந்தப் பாவை, சிரித்து மயக்கிக் கொல்லும் என்பது மரபு. ஒரு புதிய வடிவமைப்பைப் பார்த்தவர் காட்டிய ஆகத் தீவிரமான எதிர்வினை இதுதான்: மயங்கினார், மாண்டார். பிற்காலக் கட்டடக் கலைஞர் எவருக்கும் இந்தப் பேறு வாய்க்கவில்லை. அவர்களுக்குக் கிடைப்பதெல்லாம் "பரவால்ல, ஆனா…" என்பதுதான்.

4. வகைப்பாடு

4.1 சாய்வுவாதிகள்

சேப்பாக்கத்துப் புதிய ஸ்டாண்டுகள் 36 பாகைச் சரிவில் அமைந்தவை. முன்னால் இருப்பவரின் தலை பின்னால் இருப்பவரை மறைக்காது. சமவெளிக்காரருக்கு 36 என்பது வெறும் எண். சரிவில் குச்சிக்கிழங்கு நட்டுப் பிழைப்பவருக்கு அது உழைப்பின் அளவு. அவர் இடது உள்ளங்கையை மேசைமேல் வைத்து, வலது கையை அதன் மேல் சாய்த்துப் பிடித்து, சற்று இறக்கி, மறுபடி ஏற்றி, "இதானுங்களே? இதுல ஏர் ஓட்ட முடியாதுங்க, கொத்துதான்" என்று தீர்ப்பளித்தார். அங்கே மனிதர்கள் உட்காரத்தான் போகிறார்கள் என்று எடுத்துச் சொன்னபோது, "அப்பத் தாராளமா உக்காரலாம். மழை பேஞ்சா மண்ணு மட்டும் அரிக்காம பாத்துக்கணும்" என்றார். இவ்வகையினரின் விமர்சனம் தரமானது, துல்லியமானது, அரங்கத்துக்குத் துளியும் பயன்படாதது.

4.2 தூண்வாதிகள்

பழைய சேப்பாக்கத்தில் கூரையைத் தாங்கிய தூண்கள் பார்வையை மறைத்தன. டிக்கெட் வாங்கித் தூணைப் பார்த்து வந்த தலைமுறை ஒன்று சென்னையில் உண்டு. புதிய படலக் கூரையை வடங்களே இழுத்துப் பிடிப்பதால் அந்தத் தொல்லை தீர்ந்தது என்று நகரம் மகிழ்ந்தது. மலை மகிழவில்லை. இங்கே சில்வர் ஓக் மரம் நட்டு அதில் மிளகுக் கொடி ஏற்றுவார்கள். நெட்டுக்குத்தாக நிற்பது எதுவானாலும் அதில் ஒரு கொடி படர வேண்டும் என்பது இவர்களுடைய அழகியல். "அத்தன தூணையும் இடிச்சாங்களா? ஒரு தூணுக்கு ஒரு கொடி வெச்சிருந்தா மேட்ச் இல்லாத மாசத்துக்கும் வருமானமுங்க" என்ற யோசனையைத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கவனத்துக்கு இவ்வாய்வு பணிவுடன் கொண்டுவருகிறது.

4.3 காற்றுவாதிகள்

ஸ்டாண்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்டதால் கடற்காற்று உள்ளே வரும் என்பது வடிவமைப்பின் பெருமை. அதன் அருமை தெரிய 1986 செப்டம்பருக்குப் போக வேண்டும். அந்தச் சேப்பாக்க வெயிலில் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே 210 ரன் அடித்தார். ஆட்டமிழந்ததும் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் சலைன் ஏற்றினார்கள். டெஸ்ட் 'டை' ஆனது. அப்போதே இந்த இடைவெளிகள் இருந்திருந்தால் ஜோன்ஸ் தெம்பாக முந்நூறு அடித்திருப்பார், இந்தியா தோற்றிருக்கும் என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள். ஆகவே காற்றோட்டம் தேசநலனுக்கு எதிரானது என்பது அவர்கள் துணிபு. மற்றொரு சாரார் டிசம்பர் இரவில் சால்வையை இழுத்துப் போர்த்தியபடி, "காத்து வேணும்னு காசு குடுத்தா கட்டறாங்க?" என்று உண்மையாகவே வியந்தார்கள். அவர்களுக்கு விடை சொல்ல ஆய்வாளரால் முடியவில்லை. பல் கிட்டிக்கொண்டிருந்தது.

4.4 காலியிடவாதிகள்

இவர்களே எண்ணிக்கையில் மிகுந்தவர்கள். 2012 தொடங்கிப் பல ஆண்டுகள் ஐ, ஜே, கே ஸ்டாண்டுகள் பூட்டிக் கிடந்தன. கட்டட அனுமதி தொடர்பாக மாநகராட்சியுடன் ஏற்பட்ட சிக்கல் நீதிமன்றம் வரை போயிற்று. தொலைக்காட்சியில் பார்த்தவருக்கு இந்த வரலாறு தெரியாது. அரங்கமே மஞ்சளாக அலறும்போது ஒரு பக்கம் மட்டும் ஆளே இல்லாமல் கிடப்பது தெரியும். விளக்கங்கள் பிறந்தன: அது வி.ஐ.பி.க்களுக்கு, அவர்கள் இன்னும் வந்து சேரவில்லை, அங்கே பாம்பு, புது சோபா மாதிரி உறை பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள். கடைசி விளக்கம் உண்மைக்கு மிக அருகில் இருந்ததை ஆய்வுலகம் கவனிக்க வேண்டும்.

இந்தப் பூட்டினால்தான் 2019 ஐபிஎல் இறுதிப் போட்டி சென்னையிலிருந்து ஹைதராபாத்துக்குப் போனது. அங்கே சென்னை அணி மும்பையிடம் ஒரே ஒரு ரன்னில் தோற்றது. மூன்று ஸ்டாண்டும் திறந்திருந்து, ஆட்டம் இங்கேயே நடந்து, அந்தக் கூட்டமும் சேர்ந்து விசில் அடித்திருந்தால் ஒரு ரன் வந்திருக்காதா என்ற கேள்வி செம்மேட்டில் இன்றும் உயிருடன் இருக்கிறது. கட்டட அனுமதிச் சான்றிதழின் மதிப்பை ரன்னில் கணக்கிட்ட ஆய்வு தமிழில் இதற்குமுன் வந்ததாகத் தெரியவில்லை.

4.5 ராசிவாதிகள்

கலைஞர் ஸ்டாண்ட் திறந்து ஐந்தாம் நாள், 2023 மார்ச் 22 அன்று, ஆஸ்திரேலியாவிடம் இந்தியா 21 ரன்னில் தோற்றது. சூர்யகுமார் யாதவ் தொடர்ந்து மூன்றாவது முறையாக முதல் பந்திலேயே அவுட். இவ்வகையினருக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. "புதுசா கட்டுனா மொதல்ல பால் காய்ச்சணுமுங்க, யாராச்சும் காய்ச்சுனாங்களா?" என்பதே அவர்களுடைய கட்டடக் கலைக் கோட்பாட்டின் சாரம். அந்த ஆண்டு மே மாதம் சென்னை அணி கோப்பை வென்றதைச் சுட்டிக்காட்டியபோது, "அது அகமதாபாத்துலங்க" என்று பதில் வந்தது. கோட்பாடு மேலும் வலுப்பெற்றது.

5. ஒப்பியல் நோக்கு

அரங்க விமர்சனம் கொல்லிமலைக்கு மட்டும் உரிய நோய் அன்று. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் ஓக்லண்ட் பேஸ்பால் அணி, லாஸ் வேகஸில் கட்டத் திட்டமிட்ட 33,000 இருக்கை அரங்கத்தின் படங்களை வெளியிட்டது. அது சிட்னி ஆபரா ஹவுஸைப் போல இருக்கிறது என்றார்கள் பலர். வரைந்த பியார்கே இங்கெல்ஸே அதை ஓட்டுடம்பு கொண்ட அர்மடில்லோ என்னும் விலங்குக்கு ஒப்பிட்டார். அர்மடில்லோ இங்கே இல்லை. படத்தைப் பார்த்த மாத்திரத்தில் "அழுங்கு சுருண்டு படுத்திருக்குது" என்று செம்மேடு அடையாளம் கண்டது. வரைந்தவர் சொன்ன கருத்துக்கு யாரும் சொல்லாமலே வந்து சேர்ந்த ரசிகர்கள் இவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

வாராணசியில் 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டிய அரங்கத்துக்குப் பிறைநிலா வடிவக் கூரை, திரிசூல வடிவ விளக்குக் கம்பம், படித்துறை போன்ற இருக்கைகள் என்று திட்டம். ஊருக்கு ஏற்ற வடிவம் என்றால் நாமக்கல்லுக்கு என்ன என்ற விவாதம் எழுந்தது. அரங்கம் முட்டை வடிவில், விளக்குகள் லாரி முகப்பு விளக்கு வடிவில் என்று ஒருமனதாக முடிவாயிற்று. லண்டன்காரர்கள் 1845-லேயே முட்டை வடிவில் ஒரு மைதானத்தைத் தொடங்கி, அந்த வடிவத்தின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் அவையில் வருத்தம் நிலவியது. லாரி விளக்கு மட்டும் இன்னும் நமக்கே உரியது.

6. கண்டடைவுகள்

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 7.21 கோடி. சேப்பாக்கத்தில் இருக்கைகள் ஏறத்தாழ 38,000. வகுத்தால் ஓர் இருக்கைக்குச் சுமார் 1,900 பேர். ஒருவர் உட்காருகிறார், மீதி 1,899 பேர் எங்கே போவார்கள்? 2024 ஐபிஎல்லில் மிகக் குறைந்த டிக்கெட்டே 1,700 ரூபாய். அதற்கு மேல் பஸ் செலவு, ஒருநாள் கூலி இழப்பு, வரிசையில் நின்றும் கிடைக்காமல் திரும்பும் அபாயம்.

அந்த 1,899 பேரும் கூரை சரியில்லை, சாய்வு சரியில்லை, தூணை இடித்தது தப்பு என்கிறார்கள். அப்படிச் சொல்லும்போது ஒவ்வொருவரும் அந்த அரங்கத்தில் தனக்கென ஓர் இடம் போட்டுக்கொள்கிறார். தன்னுடையது என்று நினைக்காத ஒன்றில் யாரும் குறை கண்டுபிடிப்பதில்லை. அடுத்தவர் வீட்டுச் சுவர் கோணலாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகிறோம். நம் வீட்டுச் சுவருக்குத்தான் கொத்தனாரிடம் சண்டை போடுகிறோம். சேப்பாக்கத்தின் உண்மையான கொள்ளளவு 38,000 என்பதை இவ்வாய்வு மறுக்கிறது. அது 7.21 கோடி.

7. மேலாய்வுக்கான பரிந்துரைகள்

அ) கோவையில் பன்னாட்டுக் கிரிக்கெட் அரங்கம் அமைப்பதாக 2024 தேர்தலின்போது வாக்குறுதி தரப்பட்டது. அதன் கூரை சரியில்லை என்ற கருத்து செம்மேட்டில் ஏற்கெனவே உருவாகிவிட்டது. வரைபடம் வருமுன் வரும் விமர்சனம் தனி ஆய்வுக்கு உரியது.

ஆ) எந்த அரங்கத்தின் வரைபடமும் ஒப்புதலுக்குமுன் ஒரு மாதம் மலையூர் டீக்கடைச் சுவரில் ஒட்டப்பட வேண்டும்.

இ) இவ்வாய்வுக்கான நிதிப் படிவத்தில் 'டீ, போண்டா' என்றொரு செலவுத் தலைப்பு சேர்க்கப்பட வேண்டும். கடைக்காரர் கணக்கை முடிக்கச் சொல்கிறார். "ஆராய்ச்சி எப்பங்க முடியும்?" என்று வேறு கேட்கிறார்.