கனித் தட்டு

சித்திரை 1 அன்று கண் விழித்ததும் பார்க்க வேண்டிய கனித் தட்டை, இந்த வருஷம் பேரப்பிள்ளைகளே அலங்கரிக்கட்டும் என்று வாயை விட்டேன். மா, பலா, வாழை எல்லாம் வாங்கிக் கொடுத்தேன். பத்தே நிமிடத்தில் வாழைச் சீப்பு பாதியானது. பலாவில் கொட்டைதான் மிச்சம். கொன்றைப் பூவைத் தட்டில் வைக்கும் முகம் பார்க்கும் கண்ணாடியின் நடுவில் பசை போட்டு ஒட்டிவிட்டாள் சின்னவள். தட்டில் வைக்கச் சில்லறை கேட்டால், "க்யூஆர் கோடு வெச்சா போதாதா தாத்தா?" என்கிறான் பெரியவன். (நியாயந்தான், கோயில் உண்டியலிலேயே ஒட்டியிருக்கிறார்களே!) தங்கமும் வைக்க வேண்டும்; ஆனால் சவரன் விலை தெரிந்தவள் என் மனைவி, சங்கிலியைக் கழற்றவே இல்லை.

விடியற்காலையில் கண்ணைப் பொத்திக் கூட்டிப்போய் நிறுத்தினார்கள். புத்தாண்டின் முதல் தரிசனம்: மூக்கில் கொன்றை பூத்த நான், பக்கத்தில் பல் பதிந்த மாம்பழம்.