ஒத்தக்கார்டு அண்ணாச்சி

கோடகன் கால்வாயிலோ பாளையங்கால்வாயிலோ தண்ணீர் பாயும் வயலுக்குப் பங்காளியாகப் பிறந்து, அரசுப் பணியில் ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டையில் வீடு கட்டி, மாடிக் கணினியையும் கீழ்வீட்டுக் கணினியையும் 1999 வாக்கில் கம்பியால் இணைத்துவைத்த மனித வகையை ஒத்தக்கார்டு அண்ணாச்சி எனலாம். கணினியைக் கம்பியோடு சேர்க்கும் நெட்வொர்க் கார்டில் இரண்டாவதாக ஒன்று வாங்குவது இவ்வகையினருக்குப் பாவம்.

வீட்டிலோ புரோட்டோகால்கள், அதாவது கணினிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் முறைகள், மூன்று உண்டு: மோடத்தில் வரும் இணையத்தைப் பகிர டிசிபி/ஐபி, பிள்ளைகள் டூம் விளையாட ஐபிஎக்ஸ், கோப்புகளைப் பகிர நெட்பியூயி. இந்த மூன்றாவது, ரவுட்டரைத் தாண்டிப் போகத் தெரியாதது. தெருவைவிட்டு வெளியேறாத ஆச்சியைப் போல, யாரைத் தேடினாலும் தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுவது. "மூணுக்கும் தனித்தனி கார்டு போட்டுக்கிடுங்க அண்ணாச்சி" என்று கடைக்காரர் வியாபாரம் பேசினால், "எதுக்குவே? ஒத்த மடையில மூணு வயலு பாயலியா?" என்பதே பதிலாக வரும்.

கார்டு விஷயத்தில் அண்ணாச்சி சொல்வது முற்றிலும் சரி. மடை விஷயத்தில்தான் உவமை இடறுகிறது. தண்ணீர் தான் யாருடைய வயலுக்குரியது என்று சொல்வதில்லை. ஈதர்நெட் கம்பியில் ஓடும் தரவுப் பொதியோ, சேரவேண்டிய முகவரி, அனுப்பியவர் முகவரி ஆகிய இரண்டுக்கும் அடுத்த இரண்டு பைட்டுகளில் தன் குலத்தையும் எழுதிக்கொண்டு வருகிறது: ஐபி என்றால் 0800, ஐபிஎக்ஸ் ஒரு வடிவில் 8137. நெட்பியூயியோ அந்த இடத்தில் தன் நீளத்தை எழுதிவிட்டு, அடையாளத்தைச் சற்றுத் தள்ளி வைக்கிறது; எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஒருவர் உண்டு. இவற்றைப் படித்துத் தனக்குரியதை ஒவ்வொரு புரோட்டோகாலும் எடுத்துக்கொள்ளும்படி பொதியைக் கொண்டுகாட்டும் மடையான் வேலையை, மைக்ரோசாஃப்டும் த்ரீகாமும் சேர்ந்து வகுத்த என்டிஐஎஸ் என்னும் மென்பொருள் அடுக்கு பார்க்கிறது. புரோட்டோகாலைக் கார்டோடு கட்டிவிடும் செயலுக்குப் பைண்டிங் என்று பெயர். எத்தனை கட்டினாலும் கார்டு முகம் சுளிப்பதில்லை.

பிற்பாடு 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி, நெட்பியூயியைக் குறுந்தட்டின் ஒரு மூலைக்கு ஒதுக்கியதையும், அடுத்து வந்த விஸ்டா ஐபிஎக்ஸைக் கைவிட்டதையும் அண்ணாச்சி சொந்த வீட்டுத் துக்கமாகவே எடுத்துக்கொண்டார்.

மூன்று புரோட்டோகாலை ஒரே கார்டில் ஒற்றுமையாக வாழவைத்த இவருக்கும் மாடியில் குடியிருக்கும் தம்பிக்கும் இடையே, ஒரு மடையில் கார் சாகுபடிக்கு முதலில் யார் பாய்ச்சுவது என்ற வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருப்பதும், அதனால் பேச்சுவார்த்தை நின்றுபோயிருப்பதும் இவ்வகையின் தவறாத இலக்கணம். ஆயினும் முறைத்தண்ணீர் வரும் நாளில் வின்பாப்அப் என்னும் செய்திப்பெட்டி மாடித் திரையில் எட்டிப்பார்க்கும். 'இன்னைக்கு ராத்திரி யார் முறை?' என்ற தமிழ்க் கேள்வி அதில் ஆங்கில எழுத்தில் இருக்கும். பதிலும் அதே கார்டு வழியாகத்தான் இறங்கி வரும்.